நெல்லித்தோப்புக் கிலோ

நெல்லித்தோப்பு
8.11.2025

தனிஸ்லாஸ் சாருக்கு,

நாலாம் வகுப்பு அபியின் அப்பா, மளிகைக்கடை கலியபெருமாள் எழுதுகிறேன். போனில் பேசினால் வாய் தடிக்கும், நேரில் வந்தால் கை நீளும், அதனால்தான் காகிதம். அபியோடு படிக்கிற ஜெரினின் அம்மா சூசைமேரி தினமும் பள்ளிக்கூடம் வரை வருகிறார் அல்லவா, அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

புதன்கிழமை சாயந்திரம் என் மகள் குதித்துக்கொண்டு வந்தாள். "அப்பா, நாளைக்கு கிராம், கிலோ கணக்கு. நம்ம கடையிலேர்ந்து ஒரு கிலோ சக்கரை எடுத்தாரச் சொன்னாரு சார்" என்றாள். வகுப்பில் இத்தனை பிள்ளைகள் இருக்க என் கடையைக் கேட்டீர்களே என்று எனக்கும் பெருமைதான். நானே நிறுத்தேன், நானே காகிதத்தில் கட்டினேன், நூல் சுற்றி முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்தேன்.

வியாழக்கிழமை திரும்பி வந்தவள் பையை மூலையில் போட்டுவிட்டுப் பாயில் போய்ச் சுருண்டுகொண்டாள். சோறும் தின்னவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்ததும் சின்னப்பொண்ணு அக்கா வந்து நின்று, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "கலியபெருமாளு, எனக்கு நெல்லித்தோப்புக் கிலோ வேணாம், ஊரு கிலோவே குடு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் என்ன விஷயம் என்றே தெரியவில்லை. பிறகு ஜெரினைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் தராசில் என் சர்க்கரை அறுபது கிராம் குறைந்ததாம். அதைப் பலகையில் எழுதி, ஆயிரத்தில் தொள்ளாயிரத்து நாற்பது போனால் எவ்வளவு என்று பிள்ளைகளைக் கழிக்கச் சொன்னீர்களாம். அதோடு விட்டீர்களா? "என்னா அபி, ஒங்கப்பா நெல்லித்தோப்புக்குன்னு தனிக் கிலோ வெச்சிருக்காரா?" என்று கேட்டீர்களாம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். பிள்ளைகள் கணக்கை மறந்தாலும் இதை மறக்காமல் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

என் கடையில் இருப்பது அரசாங்க முத்திரை போட்ட தராசு. அதை நான் உங்களுக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்பது வயசுப் பெண்ணை நிற்கவைத்து அவள் அப்பனைத் திருடன் என்று சொல்லிக்கொடுப்பது எந்தப் பாடத்தில் வருகிறது?

அபி இனிமேல் உங்கள் வகுப்புக்கு வரமாட்டாள். கோரிமேட்டில் என் தங்கை வீட்டில் விட்டு அங்கேயே சேர்த்துவிடப் போகிறேன்.

கலியபெருமாள்


ரெட்டியார்பாளையம்
10.11.2025

அன்புள்ள திரு. கலியபெருமாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மனம் வருந்தினேன். நான் சொன்னது வெறும் வேடிக்கை. பிள்ளைகள் தூங்கி வழியாமல் இருக்க எல்லாரையும் எதையாவது சொல்லிச் சீண்டுவேன், அபியும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள். அது தெருவுக்கு வரும் என்று நினைக்கவில்லை. உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னியுங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிராமும் கிலோவும் புத்தகத்தில் இருக்கிற சமாசாரம் இல்லை. தூக்கிப் பார்த்தால்தான் பிள்ளைக்கு விளங்கும். 'ஒரு யானை ஐந்து கிலோ' என்று எழுதுகிற பிள்ளைகள் எங்கள் பள்ளியில் இருந்திருக்கிறார்கள். அதனால்தான் நானே குச்சியும் தட்டும் கட்டித் தராசு செய்தேன். சின்ன எடைகளுக்கு இரும்புக் கல் இருக்கிறது. கிலோவுக்குக் கல் இல்லை, பள்ளியில் கேட்டால் இந்த வருஷம் அடுத்த வருஷம் என்பார்கள். எனவே கடற்கரை மணலை அளந்து, பழைய சீருடைத் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு, என் கையால் தைத்தது அந்த ஒரு கிலோ மூட்டை. தீபாவளி மழையில் வகுப்புக்குள் தண்ணீர் வந்து அலமாரியின் அடித்தட்டு நனைந்தபோதுகூட மூட்டையை வெயிலில் காயவைத்து, பாடத்தை ஒரு நாளும் நிறுத்தாமல் நடத்தியவன் நான்.

அந்தத் தட்டில் உங்கள் பொட்டலம் மேலே தூக்கிக்கொண்டது. சர்க்கரைப் பக்கம் ஐம்பது கிராம் கல்லும் பத்து கிராம் கல்லும் வைத்ததும் சமமாக நின்றது. இதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். நான் வேறு என்ன எழுதியிருக்க முடியும்? தராசுக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. கோபப்படாமல் உங்கள் எந்திரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் எலக்ட்ரானிக் சாமான்கள் கோளாறு செய்வது உண்டு.

அபியை நிறுத்தாதீர்கள். கழித்தலில் கடன் வாங்குவதை முதலில் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

அன்புடன்,
தனிஸ்லாஸ்


நெல்லித்தோப்பு
15.11.2025

சாருக்கு,

நீங்கள் சொன்னபடியே எந்திரத்தைச் சரிபார்த்தேன். முத்திரை போடுகிறவரையே கடைக்கு வரவழைத்து, வாடிக்கையாளர்கள் பார்க்க, கல்லை வைத்து நிறுத்துக் காட்டினேன். ஒரு கிராம் பிசகில்லை. உங்கள் தராசும் தப்பில்லை என்கிறீர்கள். இரண்டும் சரி என்றால் நடுவில் யாரோ கை வைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அபியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வழியில பிரிச்சியா?" என்றேன். இல்லை என்றாள். மறுபடி கேட்டேன். அதற்கும் இல்லை. மூன்றாம் தடவை கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். "ஆமாப்பா, நான்தான் வழியில அள்ளித் தின்னேன்" என்று அழுதாள். ஒரு அறை விட்டேன். அதுவரை அவளை நான் அடித்தது கிடையாது.

கேவலமாக இருக்கிறது சார். கடைக்காரன் பெண், டப்பாவில் கை விட்டால் எடுத்துத் தின்ன எதுவும் கிடைக்கும், அவள் போய்த் தெருவில் நின்று பொட்டலத்தைப் பிரித்துத் தின்றிருக்கிறாள். ஆனாலும் மறைக்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நானே சொன்னேன். சின்னப்பொண்ணு அக்காகூட, "கொழந்ததான, போவுது வுடு" என்று அரைக்கிலோ உளுந்து வாங்கிப் போனார்.

திங்கட்கிழமை அபி வகுப்புக்கு வருவாள். ஒரே ஒரு உதவி. பலகையில் எழுதிய நீங்களேதான் அழிக்கவும் வேண்டும். கலியபெருமாள் கடையில் எடை சரிதான், பிள்ளை தின்றதால்தான் குறைந்தது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் பிழைப்பு இதில் இருக்கிறது.

கலியபெருமாள்


ரெட்டியார்பாளையம்
18.11.2025

அன்புள்ள திரு. கலியபெருமாள் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டபடி செய்துவிட்டேன். நேற்றுக் காலை வருகைப்பதிவு முடிந்ததும் அபியை முன்னால் அழைத்தேன். கடைக்காரர் சரியாகத்தான் நிறுத்தார் என்று நான் சொன்னேன். மீதியை அவளையே சொல்லச் சொன்னேன். உண்மையைத் தானே சொல்லிப் பழகட்டும் என்று நினைத்தேன்.

"நான்தான் தின்னேன்" என்றாள். ஜெரின் சும்மா இருப்பானா, "எவ்ளோ தின்ன?" என்றான். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "அறுவது கிராம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். உள்ளதைச் சொன்னால், எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நிலையிலும் கணக்கை மறக்கவில்லையே என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிள்ளைகள் அவளைச் 'சக்கரை' என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். கண்டித்திருக்கிறேன். நாலு நாளில் சரியாகிவிடும். இத்தனைக்கும் அன்றைக்குப் பாடம் முடிந்தபின் அந்தச் சர்க்கரையை ஆளுக்கொரு பிடி கொடுத்து, மிச்சத்தைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றுகிற அம்மாவிடம் கொடுத்தேன். எல்லாரும் உள்ளங்கையை நக்கித் தின்றவர்கள்தான்.

வீட்டில் இனி அவளை ஒன்றும் சொல்லாதீர்கள். ஒப்புக்கொண்ட பிள்ளை நல்ல பிள்ளை.

அன்புடன்,
தனிஸ்லாஸ்


ரெட்டியார்பாளையம்
26.11.2025

கலியபெருமாள் அவர்களுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அபி சர்க்கரை தின்னவில்லை. உங்கள் எடையும் குறையவில்லை. என் மணல் மூட்டைதான் கூடுதல்.

போன வெள்ளிக்கிழமை மறுபடி எடைக் கணக்கு நடத்தினேன். இந்தத் தடவை வம்பு வேண்டாம் என்று ஜெரினிடம் கம்பெனி உப்புப் பாக்கெட் கொண்டுவரச் சொன்னேன். ஓரம் ஒட்டிய, பிரிக்காத ஒரு கிலோ. தட்டில் வைத்தேன். அதுவும் மேலே தூக்கிக்கொண்டது. நாற்பது கிராமுக்குக் கல் வைத்தபிறகுதான் சமமாக நின்றது. பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, "ஜெரினு, நீயும் வழியில தின்னியா?" என்று கேட்டது. "உப்ப யாருடி திம்பாங்க?" என்றான் அவன். வகுப்பு சிரித்தது. அபியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குச்சி கோணலாக இருக்கிறது என்று ஏதோ சொல்லிப் பாடத்தை முடித்து, மூட்டையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவு அளக்க என் மனைவி ரூபியிடம் ஒரு சின்னத் தராசு இருக்கிறது, பிரான்சிலிருந்து வந்த அவள் சித்தி கொடுத்தது. அதில் வைத்தேன். ஆயிரத்து நாற்பது காட்டியது. தையலைப் பிரித்து விரலை விட்டால் உள்ளே மணல் ஈரம். மழையில் நனைந்ததைக் காயவைத்தேன் என்று உங்களுக்குப் பெருமையாக எழுதினேனே, காய்ந்தது மேல்துணி மட்டும்தான். கடல் மணல், உப்பு வேறு இருக்கும், ஈரத்தை விடவே இல்லை. இந்த இரண்டு வாரத்தில் கொஞ்சம் காய்ந்தே இவ்வளவு என்றால் அன்றைக்கு அறுபது இருந்திருக்கும்.

இதைவிடக் கேவலமானது இனிமேல்தான் வருகிறது. இது எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை. இன்று புதன். சனிக்கிழமை அந்த மணலை மாடியில் கொட்டிக் காயவைத்தேன். திரும்ப மூட்டையில் அடைத்து, சிந்தியதில் குறைந்த அளவுக்குப் புது மணல் சேர்த்து, சரியாக ஆயிரம் கிராம் ஆக்கித் தைத்தேன். ஒருவருக்கும் தெரியாமல் அலமாரியில் வைத்துவிடலாம், பிள்ளை விஷயம் தானாக மறந்துபோகும் என்று நினைத்தேன். இருபத்தி நாலு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் செய்கிற வேலையைப் பாருங்கள்.

ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தபோது ரூபி வந்து, "யாருக்காவ இவ்ளோ கவனமா தைக்கிறீங்க?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. "அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகும் திங்கள், செவ்வாய் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். நேற்று அபி பால் வாங்க வரிசையில் நின்றாள். பால் ஊற்றுகிற அம்மா, "ஒனக்கு சக்கரை ஜாஸ்தியா போடட்டுமா?" என்று கேட்டார். அவர் கிண்டலாகத்தான் கேட்டார். அபி டம்ளரை வைத்துவிட்டுப் பால் குடிக்காமலே போய்விட்டாள்.

அந்தப் பொட்டலத்தின் நூலை அன்றைக்குக் கத்திரிக்கோலால் வெட்டியது நான். முடிச்சு அவ்வளவு இறுக்கம், கையால் வரவில்லை. அப்படி இருந்தும் அவள் பிரித்துத் தின்றாள் என்று நீங்கள் எழுதியதும் நம்பினேன். நம்பாவிட்டால் என் மூட்டையைச் சந்தேகப்பட வேண்டியிருக்கும். நீங்கள் என்னை என்ன சொன்னாலும் தகும். வகுப்பில் சொல்ல உங்கள் அனுமதி வேண்டும் என்று கேட்கவில்லை, அதைச் சொல்வது என் கடமை. ஆனால் எனக்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்று நினைக்கிறேன்.

தனிஸ்லாஸ்


நெல்லித்தோப்பு
27.11.2025

சார்,

நேற்றுச் சாயந்திரமே கைக்கு வந்த உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். முதலில் வந்தது கோபம்தான். ஷட்டரை இறக்கிவிட்டு நேரே ரெட்டியார்பாளையம் வந்து உங்கள் சட்டையைப் பிடிக்கலாம் என்று வண்டிச் சாவியைக்கூட எடுத்துவிட்டேன். நூலைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை மறுபடி படித்தேன். சாவியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த முடிச்சு என் முடிச்சு சார். ஒரு கையால் பொட்டலத்தைப் பிடித்து, மறுகையால் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, சுண்டி இழுத்து அறுக்கிறது. இத்தனை வருஷம் கடையில் உட்கார்ந்தும் என் மனைவி அஞ்சலாட்சிக்கே அது வராது. அவிழ்த்தால் அவிழ்த்தவரால் மறுபடி கட்ட முடியாது. அபி "தின்னேன்" என்று அழுதபோது அஞ்சலாட்சி அடுப்படியிலிருந்து, "ஏங்க, அவ எப்பிடிங்க திரும்ப கட்டுனா?" என்று கேட்டாள். "நீ சும்மா இரு" என்றேன்.

நீங்கள் மூட்டை ஈரம் என்று தெரியாமல் செய்தீர்கள். நான் தெரிந்தே செய்தேன். அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும், பிள்ளை பொய் சொல்கிறது என்று. ஆனால் அந்தப் பொய் கடைக்குத் தேவைப்பட்டது. எடுத்துக்கொண்டேன். அது போதாதென்று ஒரு அறையும் விட்டேன். பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் பொண்ணு செஞ்ச வேலைய பாருங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அப்போது அவள் கடைக்கு உள்ளே மிளகாய் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். காதில் விழட்டும் என்றே சொன்னேனோ என்னவோ.

நேற்று ராத்திரி அவளிடம் சொன்னேன். "அபி, சாரோட மூட்டை நனைஞ்சி போயிருந்துச்சாம். நீ திங்கலன்னு அப்பாவுக்கு தெரியும்மா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா அடித்தது தப்பு என்றேன். அதற்கும் தலையாட்டினாள். அப்பாடா என்றுகூட அவள் முகம் ஆகவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஒன்றைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. 'தின்னேன்' என்று ஏன் சொன்னாய் என்று. கேட்டால் அடிக்குப் பயந்து சொன்னேன் என்பாள். அதை அவள் வாயால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ளாமலும் இருக்க முடியவில்லை. நீங்கள் கேளுங்கள். அவள் எது சொன்னாலும் ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுங்கள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நல்லதாக ஏதும் எழுதிவிடாதீர்கள்.

கோரிமேட்டுப் பேச்சை விட்டுவிட்டேன். இடம் மாற்றி எதை மறைக்கப் போகிறேன்?

கலியபெருமாள்


ரெட்டியார்பாளையம்
28.11.2025

கலியபெருமாள் அவர்களுக்கு,

இன்று வகுப்பில் சொல்லிவிட்டேன். மாடியில் காயவைத்துத் தைத்த புது மூட்டையைக் கொண்டுபோனேன். இன்னொரு துணியில் ஆயிரம் கிராம் மணலைக் கட்டி, பிள்ளைகள் கண் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, பிழிந்துவிட்டு எதிர்த்தட்டில் வைத்தேன். நனைந்தது கீழே போனது. "இதுதான் அன்னிக்கு நடந்தது. கடைக்காரர் தப்பு பண்ணல. அபி தப்பு பண்ணல. சார்தான் தப்பு பண்ணேன். தெரிஞ்சப்புறமும் ஒங்ககிட்ட சொல்லாம மறைச்சேன்" என்றேன்.

பிள்ளைகள் முன்னால் இப்படி நின்றது இல்லை. முன்வரிசைப் பிள்ளை ஒன்று, ஆறுதல் சொல்வதற்காகவோ என்னவோ, "பரவால்ல சார்" என்றது. எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று. ஜெரின் மட்டும் விடவில்லை. "அப்போ அபி சக்கரை திங்கலையா?" என்றான். இல்லை என்றேன். "அப்புறம் ஏன் சார் தின்னேன்னு சொன்னா? அறுவது கிராம்னு வேற சொன்னா?" என்றான். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள், சீவச் சீவ அது குட்டையாகிக்கொண்டே போனது. நான் பாடத்தைத் தொடங்கிவிட்டேன். அவன் கேட்ட கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவன் நான்.

நாளை சனிக்கிழமை சாயந்திரம், கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து வருகிறேன். ரூபியும் வருகிறாள். அபியை மூட்டைக்குப் பின்னால் உட்காரவைக்காமல் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். அவளுக்குக் கேட்கும்படி, தெருவுக்கும் கேட்கும்படி, முதலில் நான் சொல்கிறேன். பிறகு நீங்கள் சொல்ல வேண்டும். சின்னப்பொண்ணு அக்காவையும் வரச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். மதியம் சாப்பிட்டு முடித்துக் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அப்பா அடிப்பாருன்னு பயந்துதான சொன்ன?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். அடித்தது அதற்கப்புறம்தானாம். பின்னே ஏம்மா என்றேன். தட்டைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியவிட்டாள். எல்லாம் தெரிந்த சார் இதைப்போய்க் கேட்கிறாரே என்பதுபோல என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

"நீங்க தப்பு பண்ணமாட்டீங்க சார். எங்கப்பாவும் தப்பு பண்ணமாட்டாரு. அப்போ நான் ஒருத்திதான சார் இருந்தேன்?"

மணி அடித்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். நான் குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

தனிஸ்லாஸ்